உடைந்த எழுத்துகளோடு ஒரு கணினிக் கடையில்

எங்கள் தோட்டக் கோயிலின் நன்கொடையாளர் பட்டியலையும் பழைய சிறப்பு மலரின் கணினிக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றுக்குச் சென்ற மாதம் போனேன். மேக் கணினியில் தயாரான பட்டியலை என் விண்டோஸ் எக்செலில் திறந்தால், பெயர்கள் இருந்த இடத்தில் தலைக்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறிமாறி நின்றன. வேறோர் ஊரில் இதற்காகப் பத்து எழுத்துருக்களை நிறுவிப் பணமும் வாங்கியிருந்தார்கள், பயனில்லை.

இங்கிருந்த தம்பி திரையைப் பார்த்தவுடன், “ஐயா, கோப்பு கெடவில்லை, எக்செல்தான் தப்பாகப் படிக்கிறது, சேமித்துவிடாதீர்கள்” என்றார். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக (சேமிப்பின் சிற்றலகுகளாக) பதிவாகிறது என்றும், எக்செல் அவற்றை மேலை ஐரோப்பிய எழுத்து அட்டவணைப்படி தனித்தனியாகப் படிப்பதால், தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் பொதுவான முதல் பைட்டே அந்தத் தலைக்கோட்டு எழுத்தாகத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது என்றும் விளக்கினார். கோப்பை நேரடியாகத் திறக்காமல், தரவுப் பகுதி வழியாக உள்ளிழுத்து, யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 என்ற குறிமுறையைத் தேர்ந்ததும் பெயர்கள் அத்தனையும் சரியாக வந்தன. இதற்கு அவர் பணம் வாங்கவில்லை.

மலர்க் கோப்புதான் உண்மையான வேலை. அது, உலக மொழிகளுக்குப் பொதுவான குறிமுறையாகிய யூனிகோடு பரவுவதற்கு முன், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் தட்டச்சு செய்யப்பட்டது. உரிய எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது பழைய குறிமுறைதான். மேலும், டிஸ்கியில் ‘கொ’ என்பது நாம் எழுதும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று இருக்கும். யூனிகோடிலோ ககரம்தான் முதலில் வரும். ஆகவே, யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்புகள் இடம்மாறாமல் வந்துள்ளனவா என்று பார்ப்பதற்காக, எல்லாப் பக்கங்களையும் அச்சிட்டுக் கொடுத்து என்னையே மெய்ப்புப் பார்க்கச் சொன்னார். அந்தப் பொறுப்புக்காகவே அவர் வாங்கிய 40 வெள்ளி (ரிங்கிட்) தகும்.

கூடவே கொண்டுபோயிருந்த மூன்றாம் கோப்பை யாரோ தமிழுக்கு இடமில்லாத ‘ஆன்சி’ குறிமுறையில் சேமித்துக் கேள்விக்குறிகளாக்கிவிட்டிருந்தார்கள்; அதை, மூல எழுத்துகள் அழிந்துவிட்டன, மீட்க இயலாது என்று தயங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

குறையும் உண்டு. இரண்டு நாள் என்றது நான்கு நாளானது; மலரை முதலில் பிடிஎஃப்பாக மட்டும் தந்ததால், திருத்தக்கூடிய பிரதிக்கு மறுபடியும் பேருந்து ஏற நேர்ந்தது. போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. பிற்பகலில் அவர் தோட்ட அலுவலகங்களுக்கு அச்சுப்பொறி பார்க்கப் போய்விடுகிறார்.