அமோரோல்ஃபின் நகப்பூச்சு: 11 மாதங்கள் பூசிப் பார்த்ததில்

வலது கால் பெருவிரல் நகத்தின் நுனியில் மஞ்சள் படர்ந்து, வெட்டும்போதெல்லாம் அடியிலிருந்து மாவுபோல உதிர்ந்துகொண்டிருந்ததைக் காலணி அழுத்தியதால் வந்த கோளாறு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். சொரியாசிஸும் பழைய அடியும்கூட நகத்தை இப்படித் தடிக்கச் செய்யும் என்பதால், தோல் மருத்துவர் நகத்தடியில் சுரண்டிய துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சை இழைகளைக் கண்ட பிறகே 5 சதவீத அமோரோல்ஃபின் பூச்சை எழுதிக் கொடுத்தார்.

வாரத்துக்கு ஒருமுறை பூசினால் போதும் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் பூசுவதைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம்: நோயுற்ற பகுதியை அரத்தால் நன்றாகத் தேய்த்து மெலிதாக்கி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முந்தைய வாரப் படலத்தை முழுவதும் நீக்கிவிட வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் நான் மேலோட்டமாகத் தேய்த்தேன். தடித்த நகத்தின் மேலேயே மருந்து தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அந்த அரத்தை நல்ல நகத்தில் படவே விடக்கூடாது. புட்டியின் கழுத்தை ஒவ்வொரு முறையும் துடைக்காவிட்டால் மூடி ஒட்டிக்கொள்ளும்; ஒருமுறை வெந்நீரில் பிடித்துத்தான் திறந்தேன்.

பூஞ்சை தின்ற பகுதி மீண்டும் தெளிவதில்லை. வேரிலிருந்து புதிய நகம் வளர்ந்து அதை முன்னே தள்ள வேண்டும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், நுனியையே பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்றாம் மாதமே சலித்துப் புட்டியைத் தூக்கிப்போடுவார். நான்காம் மாதம் அடிப்பகுதியில் தெளிந்த இளஞ்சிவப்புக் கீற்று தெரிந்த பிறகே எனக்கு இதன்மேல் நம்பிக்கை வந்தது. விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணுக்கும் கூடவே களிம்பு தடவினேன். அதை விட்டுவைத்தால் அங்கிருந்தே தொற்று நகத்துக்குத் திரும்பும்.

தொற்று வேர்வரை எட்டியவர்களுக்கும், பல நகங்களில் பரவியவர்களுக்கும் இந்தப் பூச்சை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்நிலையில் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் டெர்பினாஃபின் மாத்திரை, கால் நகத்துக்கு 12 வாரங்கள். அதற்கு முன் கல்லீரல் பரிசோதனை தேவை என்பதால் அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. என் நகத்தில் இப்போது நுனியோரம் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு மட்டுமே மிச்சம். அதுவும் வெட்டுப்படும் வரை வாராந்தரத் தேய்ப்பு தொடர்கிறது.