பாடத்தைத் திரும்பிப் பார்க்கக் காணொளியா, குரற்பதிவா?

ஓர் ஆசிரியர் தம் கற்பித்தலைத் தாமே மீட்டுப் பார்த்துச் சிந்திப்பதற்கு இன்று நான்கு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன: பாடத்தைக் காணொளியாக எடுப்பது, குரலை மட்டும் பதிவது, இணையப் படிவத்தில் எழுதுவது, வட்ஸ்அப் குழுவில் பகிர்வது. வன்னியில் துணுக்காய்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பாடசாலையில் ஆசிரியர் வாண்மை விருத்தியை (தொழில்சார் வளர்ச்சியை) ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. நாங்கள் குரற்பதிவைத் தெரிவுசெய்தோம். இதே கேள்வி முன்னால் நிற்கும் மற்றப் பாடசாலைகளுக்காகக் காரணங்களை எழுதுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆசிரியரின் கைத்தொலைபேசியிலும் காணொளி, குரற்பதிவு இரண்டையும் செய்யலாம். 40 நிமிடப் பாடவேளை ஒன்று விநாடிக்கு 64 கிலோபிற் தரத்தில் குரலாகப் பதியப்பட்டால் ஏறக்குறைய 19 மெகாபைற் ஆகும். அதே பாடவேளையின் தெளிவான காணொளி சில ஜிகாபைற் இடத்தைப் பிடிக்கும்.

காணொளியின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1960களில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் (சில மாணவருக்குச் சிறு பாடமொன்றைக் கற்பித்துப் பழகும் பயிற்சி) உருவான காலம் முதல், பயிலும் ஆசிரியர் தம்மைத் திரையில் பார்ப்பது பயிற்சியின் பகுதியாகவே இருந்து வருகிறது. எந்த மேசைப் பக்கம் நாம் போவதே இல்லை, பலகையை மறைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பவற்றைக் கண்தான் காட்டும். ஆனால் எங்கள் ஆசிரியர்கள் காணொளியில் முதலில் பார்த்தது தங்களைத்தான்: சேலை, நடை, முகபாவம். பிள்ளைகளும் கமராவைக் கண்டதும் விறைத்துப்போய் உட்கார்ந்தார்கள். பாடம் பற்றிய சிந்தனைக்கு வந்துசேர நெடுநேரம் பிடித்தது.

குரற்பதிவில் அந்த இடைஞ்சல் இல்லை. காதுக்கு எட்டுவது கேள்வி, பதில், இவற்றுக்கு நடுவில் கிடக்கும் மௌனம் ஆகியவையே. ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை 1970களில் ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, அது பெரும்பாலும் ஒரு விநாடியளவே என்றும், மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் மாணவரின் பதில்கள் நீள்கின்றன என்றும் கண்டார். அந்த மௌனத்தை அளக்கப் படம் தேவையில்லை. ஒளித்தொகுப்புப் பாடம் ஒன்றைப் பதிந்த சக ஆசிரியை ஒருவர், "இலை இல்லாத மரம் சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?" என்று தாம் கேட்டதையும், பின்வரிசையில் ஒரு பிள்ளை "ரீச்சர், தண்டு..." என்று தொடங்கியதையும், அதற்குள் தாமே பதிலைச் சொல்லி முடித்ததையும் கேட்டார். வகுப்பில் அந்தக் குரல் அவருக்குக் கேட்கவே இல்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளையிடம் போய், சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லவைத்தார். அவர் எங்கும் புள்ளி பெறவில்லை, எவரும் அவருக்கு அறிவுரை கூறவில்லை.

வன்னிக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் ஆசிரியர்களில் பலர் வவுனியாவில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். ஏ9 வீதியில் கழியும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு காதில் கேட்க முடிகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் முன் வகுப்பறைக் காணொளியை எவர்தான் விரித்துப் பார்ப்பார்? குறையும் இருக்கிறது. அரைச்சுவர் வகுப்பறைகளில் பக்கத்து வகுப்பின் பாட்டும் மயிலின் அகவலும் பதிவில் சேர்ந்து வரும். மாரியில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவு எதற்கும் உதவாது. தொலைபேசியைச் சட்டைப்பையிலோ பலகைக்கு அருகிலோ வைப்பதைவிட, நடு வரிசை மேசையில் ஒரு கொப்பியின் மேல் வைத்தால் பிள்ளைகளின் குரல் தெளிவாக விழுகிறது.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: பதிவு யாரிடம் இருக்கிறது, எப்போது அழிகிறது என்பது. தீர்ப்பிடுவதற்கு அல்ல என்று எத்தனை தடவை சொன்னாலும், பதிவு இன்னொருவர் கையில் இருக்கும்வரை ஆசிரியர் அதை நம்பமாட்டார். நம்பாதவர் தமது மிகச் சிறந்த பாடத்தை மட்டுமே பதிவார், அதில் சிந்திப்பதற்கு எதுவும் இராது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பதியப்பட்ட, படம்பிடிக்கப்பட்ட மக்களிடையே இந்தத் தயக்கம் இன்னும் ஆழமானது. ஒரு பாடசாலையில் மீள்சிந்தனைக்காக எடுக்கப்பட்ட காணொளித் துண்டு, எவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே, மேற்பார்வைக் கலந்துரையாடல் ஒன்றில் போட்டுக் காட்டப்பட்டதை நான் அறிவேன். அதன்பின் அங்கு எவரும் கமராவை வகுப்புக்குள் கொண்டுபோகவில்லை.

அழிப்பது என்பதும் ஒரு தடவை விரலால் தொடுவதோடு முடிவதில்லை. கூகுள் போட்டோஸில் இணையச் சேமிப்பு (backup) இயங்கினால் கமராவில் எடுத்த காணொளி தானாகவே இணையத்துக்கு மேலேறிவிடும்; அழித்த பின்னும் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். குரற்பதிவு அந்தச் செயலிக்குள் போவதில்லை. ஐபோனில் ஐகிளவுட் இணைப்பு இருந்தால் குரற்பதிவும் மேலே போகும் என்பதால் அதை முதலில் அணைக்க வேண்டும். இவற்றைக் கருதி நாங்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எளியது: பதிவு ஆசிரியரின் சொந்தத் தொலைபேசியை விட்டு வெளியேறாது, கேட்டு முடித்ததும் அவரே அழிப்பார், விரும்பினால் தாம் தெரிந்தெடுத்த சில நிமிடங்களை மட்டும் ஒரு சகபாடிக்கு நேரில் போட்டுக் காட்டலாம். சகபாடி கேள்வி மட்டுமே கேட்பார். "அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது எண்டு நினைக்கிறியள், ரீச்சர்?" என்பது போன்ற கேள்வி ஓர் உரையாடலைத் திறந்துவிடும். பதிவுகளை ஒருபோதும் கேட்டு வாங்குவதில்லை என்பதை அதிபர் ஆசிரியர் கூட்டக் குறிப்பிலேயே எழுதுவித்தார். அந்த ஒரு வரி எழுதப்பட்ட பிறகுதான் மூத்த ஆசிரியர்கள் முன்வந்தார்கள்.

இணையப் படிவம் இந்தச் சோதனையில் உடனே விழுகிறது. பெயரும் திகதியும் இட்டு அனுப்பும் பத்தியை ஆசிரியர் அதை வாசிக்கப்போகிறவருக்காகவே எழுதுவார். வட்ஸ்அப் குழு துணைக்கு நல்லது, தனிமையைக் குறைக்கும்; ஆனால் அனைவருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாட்களுக்குச் சற்று மேல்வரைதான், அதற்குள் ஒருவர் முன்னனுப்பிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

குரலை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்கிறார்கள். 2022இல் வெளியான விஸ்பர் என்ற அத்தகைய மென்பொருள் தமிழையும் ஏற்கும், இணையம் இன்றிச் சொந்த மடிகணினியிலேயே இயங்கும் என்பதால் பதிவு வெளியே போகாது. இதில் என் அனுபவம் மிகக் குறைவு. முயன்ற அளவில் ஆசிரியரின் பேச்சை ஓரளவு எழுதியது, பின்வரிசைப் பிள்ளையின் பேச்சைப் பெரும்பாலும் தவறவிட்டது. ஆசிரியர் பேசிய விகிதம் இத்தனை சதவீதம் என்று எண் தரும் செயலிகளிடம் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த எண்ணை ஆசிரியர் தாமே கணக்கிட்டால் அது கேள்வி. திரையில் மதிப்பெண்போல வந்து நின்றால், எவர் பார்க்காவிட்டாலும், அது தீர்ப்பு.

ஆரம்பப் பிரிவுக்கும் குரற்பதிவே போதுமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. அங்கு பேச்சைவிடச் செயற்பாடே அதிகம், நாங்கள் பதிந்தவை பெரும்பாலும் இடைநிலை வகுப்புகள். விஞ்ஞானச் செய்முறைப் பாடங்களுக்குக் காணொளி தேவை என்பதை ஏற்று, அடுத்த தவணையில் அதையும் சேர்க்க உள்ளோம்: அதே ஆசிரியரின் தொலைபேசியில், இணையச் சேமிப்பை அணைத்து, பிள்ளைகளின் முகம் விழாதபடி மேசையையும் கைகளையும் மட்டும் நோக்கிய கோணத்தில்.