மாலத்தீவா, துபாயா, இங்கிலாந்தா: பி.எட். முடித்த டீச்சர் எங்கே போவது?

மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் போன மாதம் மூன்று காகிதங்களோடு வீட்டுக்கு வந்தார். ஒன்று மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியின் ஆஃபர், இன்னொன்று துபாயில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியின் ஆஃபர். மூன்றாவதில் ஆஃபரே இல்லை, இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தின் பிரிண்ட் அவுட் மட்டும். "சார், எதுல கையில அதிகமா நிக்கும்?" என்று கேட்டார். கணவர் எலக்ட்ரீஷியன். மகனுக்கு ஆறு வயது. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலத்தீவு எனக்குப் பழக்கமான இடம், மூன்று வருஷம் அங்கே பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. பாடம் ஆங்கிலத்தில், பெரிய வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு. அந்த ஊர் மொழியான திவேஹியையும் இஸ்லாம் பாடத்தையும் உள்ளூர் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள், கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் நம்மிடம் வரும். ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் மேய்த்துவிட்டுப் போன எனக்கு, என் வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரைப் பார்த்தபோது சந்தோஷமாகவே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த முடிந்தது.

ஆனால் சம்பளம் அந்த நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். வங்கி விலைப்படி ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அந்த விலைக்கு டாலர் கிடைப்பதுதான் பெரும்பாடு, அங்கே டாலர் தட்டுப்பாடு தீராத வியாதி. வங்கி மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கும். மிச்சத்தை வெளியில் கூடுதல் விலை கொடுத்து மாற்ற வேண்டியிருக்கும். மாசக் கடைசியில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இருக்காது. ஊரில் கடன் வைத்திருப்பவர் ஆஃபரில் உள்ள தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்: மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகச் சுங்கத்தில் தடை உண்டு. அம்மா பெட்டியில் துணிக்கு நடுவே வைத்திருந்த சின்னப் பிள்ளையாரைக் கிளம்புகிற அன்று எடுத்து அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தனியாளாக, ஒப்பந்த காலம் முடியும்வரை இருந்து அனுபவம் சேர்த்துக்கொண்டு வர அது நல்ல இடம். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

துபாய் வேறு கணக்கு. அங்கத்து நாணயமான திர்ஹாமின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது, வருமான வரி கிடையாது, பணம் அனுப்பவும் தடையில்லை. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டியாகச் சேரும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால் நம் பள்ளிக்கூட வருஷத்தோடு ஒத்துப்போகும்.

போவதற்கு முன் அலைச்சல் அதிகம். டிகிரிக்கும் பி.எட்.டுக்கும் மாநில அரசு, டெல்லி வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்ற முத்திரை, வேண்டும். அப்புறம் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று, துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் கேஎச்டிஏ அமைப்பின் ஒப்புதல். தொலைநிலையில் படித்த பி.எட். என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், கையெழுத்துப் போடும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நான் பார்த்த இந்தியப் பள்ளி ஆஃபர்கள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 திர்ஹாம்வரை. இந்தச் சம்பளம் யாரை மனதில் வைத்துப் போட்டது என்று யோசித்தால் விஷயம் விளங்கும். கணவர் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்து, வாடகையை அவர் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்ணுக்கு அது நல்ல சம்பளம். கணவர் விசாவில் இருப்பவரை எடுத்தால் பள்ளிக்கும் செலவு மிச்சம். இங்கிருந்து தனியாகப் போய், அதே தொகையில் வாடகை கொடுத்து, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டுவது முடியாத காரியம். இந்த டீச்சருக்கு வந்த ஆஃபர் 3,800 திர்ஹாம், தங்குமிடம் கிடையாது.

இங்கிலாந்து வாசல் 2023 பிப்ரவரியில்தான் இந்திய ஆசிரியர்களுக்குத் திறந்தது. அதுவும் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், பிற மொழிகள் நடத்தத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். பிற மொழி என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவை. ஆங்கிலமோ சமூக அறிவியலோ நடத்துபவருக்கு இந்த வழி இல்லை, அவர்கள் வளைகுடாவைப் பார்ப்பதே சரி. கியூடிஎஸ் என்கிற அந்த ஊர் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலை தேடவும் அந்த அரசே நடத்தும் இலவசத் தளம் இருக்கிறது. செப்டம்பர் வேலைகளுக்கு பிப்ரவரியிலிருந்து மே வரை விளம்பரம் வரும். சிரமம் எங்கே என்றால், விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும், அவர்களும் நம்மை வீடியோவில் பார்த்தே நம்ப வேண்டும்.

லண்டனுக்கு வெளியே 2025-26இல் தொடக்கச் சம்பளம் வருஷத்துக்கு 32,916 பவுண்டு. வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போக மாதம் சுமார் 2,100 பவுண்டு கைக்கு வரும். வாடகை கொடுத்தால் மிச்சம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு அரசுப் பள்ளி இலவசம், கணவரும் வேலைக்குப் போகலாம். எலக்ட்ரீஷியனுக்கு அங்கே தனியாகத் தகுதிச் சான்றுகள் வேண்டும், முதலில் வேறு வேலைதான் கிடைக்கும். முன்பணம்தான் பயமுறுத்துகிறது. மருத்துவச் சேவைக் கட்டணம் பெரியவருக்கு வருஷம் 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. மூன்று வருஷத்துக்கு மூன்று பேருக்கும் சேர்த்து 8,538 பவுண்டு, நம் பணத்தில் பத்து லட்சத்தை ஒட்டி. விசா கட்டணம் தனி.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு நான் இங்கிலாந்தைத்தான் சொன்னேன். டீச்சர் முதலில் தனியாகப் போய், ஒரு வருஷம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்வது என்று. அவரிடம் கெமிஸ்ட்ரியும் ரெகுலர் பி.எட்.டும் ஐந்து வருஷ அனுபவமும் இருக்கின்றன. அந்த மூன்றையும் சேர்த்து மதிக்கிற இடம் இந்த மூன்றில் அதுதான்.

ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும் என்றால், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.

டீச்சர் இப்போது அனுபவச் சான்றிதழுக்காகப் பழைய பள்ளிக்கு நடந்துகொண்டிருக்கிறார். மூன்று முறை போயும் "நாளைக்கு வாங்க" என்றுதான் பதில். எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் அந்தத் தாள் வேண்டும். இப்போது வேலையில் இருப்பவர்கள் இந்த வாரமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.