சிங்கப்பூர் வெக்கையில் நல்ல படுக்கை விரிப்பு: தேர்வும் பராமரிப்பும்

சிங்கப்பூரில் படுக்கை விரிப்பு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நெசவை. நூல் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். பெர்கேல், சாட்டீன் என்ற இரு பருத்தி நெசவுகள், ஆளிச்செடி நாரில் நெய்யும் லினன், மூங்கில் கூழிலிருந்து எடுக்கும் இழையான மூங்கில் விஸ்கோஸ் ஆகிய நான்கையும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றி விரித்து வருகிறேன். குளிர்சாதனம் ஓடும் அறையிலும் மின்விசிறி மட்டும் சுற்றும் அறையிலும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில், துணி வியர்வையை எவ்வளவு வாங்குகிறது, வாங்கியதை எவ்வளவு விரைவில் வெளியே விடுகிறது என்பதைப் பொறுத்தே தூக்கம் அமைகிறது.

நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டி வரும் எண். அது 200லிருந்து 400 வரை இருக்கும்போது துணியைப் பற்றி ஓரளவு உண்மையைச் சொல்கிறது. 1000, 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் மெல்லிய புரிகள் பலவற்றை முறுக்கி ஒரு நூலாக்கி, ஒவ்வொரு புரியையும் தனி நூலாக எண்ணியிருப்பார்கள். அந்தத் துணி கையில் கனமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் காற்று புகாது, கொடியில் போட்டால் எளிதில் காயாது. கடையில் வழவழக்கும் அந்தத் தன்மையில் ஒரு பகுதி சிலிக்கோன் பூச்சு தருவது. சில சலவைகளில் அது கரைந்த பிறகே துணியின் உண்மையான தரம் தெரியவரும். ஆகவே நான் விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நூல்கள் சீரான கனத்தில் ஓடுகின்றனவா, நடுநடுவே தடித்த முடிச்சுகள் தென்படுகின்றனவா என்று பார்த்த பிறகே விலையைக் கேட்கிறேன்.

பெர்கேல் என்பது நூல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் செல்லும் சாதா நெசவு. தொட்டால் மொரமொரப்பாக, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையைப் போல இருக்கும். உடலோடு ஒட்டாது, காற்றை விடும், சுருக்கம் மட்டும் நிறைய விழும். சாட்டீனில் நூல் நான்கின் மேலே மிதந்து சென்று ஒன்றின் கீழே இறங்குவதால் பளபளப்பும் வழுவழுப்பும் கிடைக்கின்றன. ஆனால் அந்த மிதக்கும் நூல்களே குதிகாலும் முழங்கையும் உரசும் இடங்களில் முதலில் பிசிறு கட்டுகின்றன. கொலுசு, வளையல் அணிந்து படுப்பவர்கள் உள்ள வீட்டில் இழையும் இழுபடுகிறது. இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறைக்குச் சாட்டீன் இதமானது, அதை மறுக்கமாட்டேன். மின்விசிறிக் காற்றில் தூங்குகிறவருக்குப் பெர்கேலை விட்டால் லினன்தான்.

இழையின் இயல்பும் முக்கியம். ஆய்வுக்கூடத்தில் 20 டிகிரி வெப்பத்திலும் 65 விழுக்காடு ஈரப்பதத்திலும் அளக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தையும், லினன் 12 விழுக்காட்டையும் உள்வாங்குகின்றன, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான் வாங்குகிறது. மெல்லிய பாலியெஸ்டர் இழையாலான மலிவான மைக்ரோஃபைபர் விரிப்பில் முதுகு பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுதான். மூங்கில் விஸ்கோஸ் குளுமையாக இருப்பது உண்மையே. எனினும் பருத்தி நனைந்தால் வலுவடையும், விஸ்கோஸோ நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். வாரந்தோறும் துவைக்கும் பொருளுக்கு இது பெரிய குறை. எங்கள் வீட்டு மூங்கில் விரிப்பு நடுப்பகுதியில் நைந்துபோனபோது, அதற்கு முன்பே வாங்கிய பெர்கேல் விரிப்பு உறுதியாகவே இருந்தது.

நீண்ட இழைக்குப் பேர்போன எகிப்தியப் பருத்தி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. அமெரிக்காவின் டார்கெட் கடை நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இந்தியத் துணி நிறுவனமான வெல்ஸ்பன்னுடன் உறவை முறித்துக்கொண்டது, எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் வேறு பருத்தியில் நெய்த விரிப்புகள் விற்கப்பட்டதால்தான். நீண்ட இழைப் பருத்தி எந்த நாட்டில் விளைந்தாலும் நல்லதே. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் பருத்தி உலகின் மிக நீண்ட இழைப் பருத்திகளுள் ஒன்று என்பதைத் தமிழர்களாகிய நாம் கூடுதலாகவே அறிந்திருக்கலாம். உறையில் காணப்படும் ஓகோ-டெக்ஸ் 100 முத்திரை, தீங்கான வேதிப்பொருள்களுக்காகத் துணி சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, நெசவின் தரத்தைச் சொல்லாது.

தமிழ்நாட்டிலிருந்து கரூர் அல்லது சென்னிமலை விரிப்புகளை எடுத்து வருபவர்கள் அளவைக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். இங்கே குவீன் மெத்தை 152க்கு 190 செ.மீ., கிங் 182க்கு 190 செ.மீ.; ஐக்கியா மெத்தைகளோ 200 செ.மீ. நீளமுள்ளவை. குவீன் மெத்தையின் உயரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அகலம் 152, இரு பக்கச் சரிவும் சேர்ந்து 60, அடியில் செருக இரு பக்கமும் 20 வீதம் 40, ஆக 252 செ.மீ. தேவை. அங்கே பரவலாகக் கிடைக்கும் 90 அங்குல அகலம் 229 செ.மீ.தான் வரும்; விடிவதற்குள் ஓரம் கழன்றுவிடும். 100 அங்குல அகலமே சரியாகப் பொருந்துகிறது. முதல் சில சலவைகளில் பருத்தி 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கக்கூடும் என்பதால், 108 அங்குலம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அகலம் தாராளமாக இருக்கும் இந்த விரிப்புகளை, மூலையில் எலாஸ்டிக் வைத்தவற்றைவிட நான் விரும்புகிறேன். துணி உலர்த்தி இயந்திரத்தின் சூட்டில் துணிக்கு முன்பே எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

துவைப்பதில்தான் நல்ல விரிப்பின் ஆயுள் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் தலையணை உறைக்கு முதல் எதிரி தலைக்கு வைக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ இழைக்குள் இறங்கி நாளடைவில் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளிப்பதுடன், ஒருவிதச் சிக்கு வாடையும் ஏறிவிடும். குளிர்ந்த நீர்ச் சலவைக்கு அது அசையாது. உறையை உள்பக்கம் திருப்பி, தலை படும் இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு விரலால் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு வெந்நீரில் துவைத்தால் போய்விடுகிறது. மஞ்சள்தூள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவந்து நம்மைப் பயமுறுத்தும். நன்றாக அலசி நேரடி வெயிலில் போட்டால் தானாகவே வெளுக்கும். குளோரின் பிளீச் இரண்டுக்குமே வேண்டாம், அது பருத்தி இழையை அரிக்கும், எலாஸ்டிக்கையும் கெடுக்கும். வெள்ளை விரிப்புக்குச் சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் வெளுப்புத் தூளை வெந்நீரில் போட்டால் போதுமானது. துணி மென்மையாக்கும் திரவத்தை நான் அறவே நிறுத்திவிட்டேன், ஏனெனில் அது இழையின் மேல் படலமாகப் படிந்து, எந்த உறிஞ்சும் தன்மைக்காகப் பருத்தியை வாங்கினோமோ அதையே குறைக்கிறது.

வெந்நீரை வலியுறுத்த இன்னொரு காரணம், படுக்கையில் வாழ்ந்து ஒவ்வாமையைத் தூண்டும் நுண்ணிய தூசிப்பூச்சி. புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வெப்பமண்டல வகை சிங்கப்பூர் வீடுகளில் மிகுதியாக உள்ளது; தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சியே அது வாழ்வதால் நம் ஊர் அதற்கு மிகவும் தோதானது. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை 60 டிகிரியில் துவைப்பது பூச்சியைக் கொல்லும். பருத்தியும் லினனும் அந்தச் சூட்டைத் தாங்கும், விஸ்கோஸ் தாங்காது. அடர் நிறங்கள் மங்குவதால், வெள்ளையையும் வெளிர் நிறங்களையுமே தேர்ந்தெடுக்கிறேன்.

காயவைப்பதற்கு மூங்கில் கழி இருந்தால் அதுவே சிறந்தது. பிற்பகல் இடிமழையை எண்ணிக் காலையிலேயே போட்டுவிட வேண்டும். “வெயில் இறங்குமுன் எடுத்துவிடப்பா, பனி ஏறினால் மறுபடி ஈரம்தான்” என்று அம்மா சொல்வதில் துல்லியமான அறிவு இருக்கிறது, மாலையில் ஈரப்பதம் ஏறும்போது காய்ந்த பருத்தி மீண்டும் ஈரத்தை வாங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்த்தியைத் தவிர்க்க முடியாது. மிதமான சூட்டில் ஓட்டி, சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்து, உதறி, மின்விசிறியின் கீழ் விரித்துவைக்கிறேன்.

ஈரம் சற்றே மிஞ்சினாலும் அலமாரியில் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அங்கே அந்துருண்டை போடுவதை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஜி6பிடி என்ற நொதி (சிவப்பணுக்களைக் காப்பது) குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ஆபத்தானது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளிடம் அக்குறைபாடு சோதிக்கப்பட்டு வருகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களே போதும்.

இப்போது எங்கள் கட்டிலுக்கு மூன்று விரிப்புகள் சுழற்சியில் இருக்கின்றன. இரண்டு பெர்கேல், ஒன்று லினன். அவற்றுள் மூத்த பெர்கேல் மெலிந்து வருவதால், அதற்குப் பதிலாக 300 நூல் எண்ணிக்கையில் ஒற்றைப் புரி நூலில் நெய்த பெர்கேலையே, 108 அங்குல அகலத்தில் வாங்கப்போகிறேன்.