அடிக்கு நூறு ரூபாய் என்று சொல்லி வந்த ரிக் வண்டி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு நடந்தது

ஆழ்குழாய்க் கிணறு, அதாவது போர், போடுவதற்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், துளையிடும் ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடந்த சித்திரையில் எங்கள் தோட்டத்தில் ஒரே இரவில் 1,83,300 ரூபாய் போனது. தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராமல் போனது யாருடைய குற்றமும் அல்ல, அதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். அந்த இரவுக்குள் நடந்த மற்றவற்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்களுடையது காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் நான்கு ஏக்கர். பாதி தென்னை, பாதி கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கடைமடை என்பதால், மேலே தண்ணீர் திறந்துவிட்டாலும் எங்கள் வரப்புக்கு வந்து சேரும்வரை அது நிச்சயமில்லை. மற்றபடி அப்பாரு (தாத்தா) வெட்டிய 70 அடிக் கிணறுதான். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக் கிணறு அது. இந்த ஆண்டு பங்குனியிலேயே அடிப்பாறை தெரிந்துவிட்டது. தென்னை மட்டைகள் தொங்கத் தொடங்கின. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் மரங்களுக்கு நடுவே நிற்க ஆரம்பித்தார். அந்த மனநிலையில்தான் நாங்கள் ஆள் தேடினோம். அந்த மனநிலையில் இருக்கும் வீட்டை அடையாளம் கண்டுகொள்ள இந்தத் தொழிலில் சிலருக்கு நன்றாகத் தெரிகிறது.

முதலில் வந்தவர் நீரோட்டம் பார்ப்பவர். வயதானவர், நெற்றி நிறைய திருநீறு. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. "அம்மிணி, இங்கே 450 அடியில் இரண்டு ஊற்று சேர்கிறது. எழுதி வைத்துக்கொள்" என்றார். 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டியும் தானே பேசித் தருவதாகச் சொன்னார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். இடம் சொல்கிறவரும் வண்டி பேசித் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

போனில் பேசிய ரிக் வண்டி மேலாளர் "அடிக்கு 100 ரூபாய்தான் அக்கா" என்றார். 500 அடிக்கு 50,000, மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய்க்கு ஒரு பத்தாயிரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்தோம்.

அந்த 100 ரூபாய் முதல் 300 அடிக்கு மட்டும்தான். 300-க்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். எங்களுக்குப் போட்ட பில்லில் 110, 120, பிறகு 140, 160, 180, அதற்குக் கீழே 220, கடைசியில் 260. ஆழம் போகப் போக விலை ஏறுவதில் நியாயம் உண்டு. கம்ப்ரசர் அதிக வேலை செய்கிறது, டீசல் கூடுதலாக எரிகிறது, பாறையை உடைக்கும் சுத்தியல் தேய்கிறது. ஆனால் இந்தப் பட்டியலை வண்டி வந்து நின்ற பிறகு, இரவு எட்டு மணிக்கு, செல்பேசி வெளிச்சத்தில்தான் காட்டினார்கள். கேசிங்கும் அப்படித்தான். 20 அடி போதும் என்றவர்கள் 60 அடி இறக்கினார்கள், அடிக்கு 450 ரூபாய், மொத்தம் 27,000. அந்த 60 அடி தேவைப்பட்டது உண்மை. மேல்மண் இளகலாக இருந்ததை நானே பார்த்தேன். குழாயின் விலையை முன்பே சொல்லாததுதான் தவறு.

410 அடியில் கல்தூள் ஈரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அரை இஞ்ச் தண்ணீர் வெளியே அடித்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மேலாளரோ, "இது வெறும் கசிவு ஐயா, ஊற்று கீழேதான் இருக்கிறது" என்றார். 450 தாண்டியது, ஒன்றுமில்லை. 500-ல் நிறுத்தச் சொன்னேன். "நீரோட்டம் பார்த்தவர் சொன்னால் ஐம்பது அடி முன்பின் ஆகும் அக்கா. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா?" என்றார். 600-ல் அப்பாவே சொன்னார்: "விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும், கண்ணு."

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கீழே இருப்பது கடினப் பாறை. படியூரில் பெரில் கல் வெட்டி எடுத்தது இந்தப் பாறையில்தான். இதில் தண்ணீர் ஆறுபோல ஓடுவதில்லை. மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே உள்ள பிளவுகளிலும்தான் தங்கியிருக்கிறது. ஆழம் போகப் போகப் பொதுவாகப் பிளவுகள் குறைகின்றன. அதாவது ஒவ்வொரு நூறு அடிக்கும் எங்கள் செலவு ஏறியது, வாய்ப்பு குறைந்தது. பகலில், காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் ஒரு பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும் கணக்கு. ஆனால் அந்த முடிவுகள் எல்லாம் நள்ளிரவுக்கு மேல், காது செவிடாகும் சத்தத்தில், முகம் முழுக்கக் கல்தூளோடு நின்றுகொண்டு எடுத்தவை. அப்போது "நிறுத்து" என்று சொன்னால் அதுவரை போன பணம் அத்தனையும் அந்த நிமிடமே வீணாகிவிடுவதுபோல் தோன்றுகிறது. "இன்னும் நூறு அடி" என்று சொன்னால் அந்த வலி ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாங்கள் பதினெட்டாயிரம், இருபத்திரண்டாயிரம் என்று விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். இன்னும் தோண்டலாமா என்று நாங்கள் கேட்டதோ, அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதரிடம். அவரிடமிருந்து வேறு என்ன பதில் வரும்?

இரவு ஒரு மணி சுமாருக்கு நீரோட்டம் பார்த்தவர் மேலாளரை அழைத்தார். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். தண்ணீர் வந்ததா என்று அந்தப் பெரியவர் கேட்கவில்லை. "எத்தனை அடி ஆயிற்று?" என்றுதான் கேட்டார். தன் கூலியை வாங்கிக்கொண்டு போனவருக்கு அடிக்கணக்கு எதற்கு என்று அப்போது புரியவில்லை. காலையில் பில் வாக்குவாதம் வந்தபோது மேலாளரே சொல்லிவிட்டார்: "அவருக்கும் அடிக்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும் அக்கா, எங்களுக்கும் கட்டுப்படியாக வேண்டாமா?"

இனி மோசடிக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நிறுத்தினார்கள். 980 அடி என்று பில் வந்தது. என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தூக்கம் வராமல், துளையிடும் இரும்புத் தண்டான ராடு ஒவ்வொன்றும் இறங்கும்போது சாளையின் (தோட்டத்து வீட்டின்) சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. 44 கோடுகள். ஒரு ராடு 20 அடி, ஆகவே 880 அடி. "பையன் நடுவில் தூங்கியிருப்பான்" என்றார் மேலாளர். அவன் தூங்கவில்லை, பக்கத்தில் நான் இருந்தேன். கயிற்றில் இரும்புத் துண்டு கட்டி இறக்கிப் பார்த்தோம். 870-ல் நின்றது. "கல்தூள் அடியில் படிந்திருக்கும்" என்றார். பத்து அடிக்குப் படியும், நூற்றுப் பத்து அடிக்குப் படியாது. அந்த நூறு அடிக்கு மட்டும் பில்லில் 25,200 ரூபாய் கூடுதலாக எழுதியிருந்தார்கள். முழுப் பணமும் கைக்கு வராமல் வண்டியை எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். மாமா பக்கத்து ஊரிலிருந்து பணத்தோடு வந்தார். கொடுத்தோம். வண்டி வாடகை என்று 5,000, ஆட்களின் சாப்பாட்டுக்கு என்று 3,000 அதிலேயே சேர்ந்தது. வேலை செய்த வடமாநிலத்துப் பையன்கள் இரவு பதினொன்றுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எல்லாருமே இப்படி என்று சொல்லவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் வடநாடு வரை போய் வேலை செய்கின்றன. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களை எனக்கே தெரியும். அவர்கள் இன்று எனக்குச் சொல்லித் தந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் அடிக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள், 900-வது அடிக்கு என்ன விலை என்று போனிலேயே கேட்டு, முழுப் பட்டியலையும் எழுதி வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் டேப் வைத்து ஒரு ராடை அளந்துவிடுங்கள். எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள், அவருக்கு வேறு வேலை வேண்டாம். எத்தனை அடியில் நிறுத்துவது என்று முந்தைய நாள் பகலிலேயே முடிவுசெய்து, அதற்கான பணத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால், முடிவு செய்யும் ஆள் போர் போடும் இடத்திலேயே இருக்கக் கூடாது. வேளாண்மைப் பொறியியல் துறையினர் கருவி வைத்து நிலத்தடி நீர் ஆய்வு செய்துதருகிறார்கள். நாங்கள் அங்கே போய்க் கேட்டது எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஆய்வுக்கு வந்தவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கிணற்றைத் தூர்வாரி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டார். அப்பாவுக்கு நினைவு இல்லை. மழை பெய்தால் கொறங்காட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். சாலையோரப் பள்ளத்துக்குப் போகிறது என்றோம். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைகாசியில் ஆள் வைத்துக் கிணற்றைத் தூர்வாரி, அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கிணற்றுப் பக்கம் திருப்பினோம். எல்லாம் சேர்த்து 38,000 ஆனது. மழை எப்படி இருக்கும் என்று தெரியாது. கிழக்கு வரிசையில் பதினொரு மரங்கள் போய்விட்டன.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் கோபம் தந்தது அதுதான். தண்ணீர் இல்லாத அந்தக் குழியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். மூடி போட 1,500 ரூபாய் தனியாகக் கேட்டு வாங்கியவர்கள், ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது கைவிட்ட போர்க் குழியில்தான். நாடே இரவெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: போர் போடுவதை 15 நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், குழாய் வாயை இரும்புத் தகடாலோ உறுதியான மூடியாலோ அடைக்க வேண்டும், பயனற்ற குழியை மண்ணும் கல்லும் போட்டுத் தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். எங்கள் வேலிக்கு அப்பால் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் மூன்று சிறு பிள்ளைகள். அன்று மாலையே ஆட்டுக்கல்லை உருட்டிவந்து குழியின் மேல் வைத்தோம். மறுநாள் மண்ணும் ஜல்லியும் இறக்கி நிரப்பிவிட்டு, பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

கூடுதலாக வாங்கிய 25,200-ல் ஒரு மாதம் அலைந்த பிறகு 10,000 திரும்ப வந்தது. மீதி 15,200 வரவில்லை. அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.