ஸ்ட்ரெய்ட்ஸ் டாலருக்கு எவ்வளவு வரை ஏலம் கேட்கலாம்? விலை பார்க்கும் வழிகள், ஒப்பீடு

ஞாயிறு காலையில் பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் பழைய காசு விற்கிறவர்கள் எல்லோரும் கைப்பேசியைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். "பாருங்க அண்ணே, ஈபேல முந்நூறு போகுது." திரையில் இருப்பது யாரோ ஒருவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. நான் தேடுவது ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், பிரிட்டிஷ் ஆட்சியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் புழங்கிய வெள்ளிக் காசு. இந்த வேறுபாடு தெரியாமல் நானும் பல மாதம் காசு வாங்கியிருக்கிறேன். அதன்பிறகுதான் ஏல விலைகளை அலச என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

கருவிகளுக்கு முன்னால் ஈபே ஏலம் எப்படி முடிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது புரியாவிட்டால் எந்த மென்பொருள் தரும் எண்ணும் ஏமாற்றும். நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்சத் தொகையை உள்ளே எழுதிவிடுகிறோம். எதிரில் யாராவது கேட்டால் மட்டும் தளம் நம் சார்பில் சிறிது சிறிதாக ஏற்றும். நான் 200 அமெரிக்க டாலர் எழுதியிருக்கிறேன், அடுத்தவர் 120-இல் நின்றுவிட்டார் என்றால் காசு எனக்கு 122.50-க்கு வரும். அவர் 60-இல் நின்றிருந்தால் 61. காசும் ஒன்றுதான், என் ஆசையும் ஒன்றுதான். முடிந்த விலை பாதி. விற்ற விலை என்று நாம் பார்ப்பது இரண்டாவது ஆள் எங்கே நின்றார் என்பதையே. அதனால் நான் விலையைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை தனித்தனி ஆட்கள் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

முதல் வழி, ஈபேயிலேயே இருக்கும் விற்றவை வடிகட்டி. காசு செலவில்லை, ஏறக்குறைய கடைசி 90 நாள் விற்பனை தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஏல வரலாற்றைத் திறந்து யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்று படிக்கலாம். பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும், ஆனால் ஒருவரே ஐந்து முறை ஏற்றினாரா, ஐந்து பேர் மோதினார்களா என்பது தெரிந்துவிடும். காசு சேர்ப்பவருக்கு இதைவிட மேலான பக்கம் கிடையாது என்பது என் கருத்து. குறை இரண்டு. பேரம் பேசி முடிந்த விற்பனையில் கேட்ட விலை கோடு போட்டு அடிக்கப்பட்டுத் தெரியும். உண்மையில் கொடுத்த தொகை தெரியாது. அப்புறம், அரிய காசு 90 நாளில் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

இந்த இரண்டு குறையையும் டெராபீக் என்ற விலை ஆய்வுக் கருவி தீர்க்கிறது. தனி நிறுவனமாக இருந்ததை 2017-இல் ஈபே வாங்கி, விற்பனையாளர் பக்கத்துக்குள் வைத்துவிட்டது. மூன்று ஆண்டு வரை பின்னால் போகலாம், பேரத்தில் ஒத்துக்கொண்ட விலையும் தெரியும். சராசரி விலை, விற்ற எண்ணிக்கை, ஏறி இறங்கும் கோடு எல்லாம் ஒரே பக்கத்தில்.

நான் தடுமாறியது அந்தச் சராசரியில்தான். மென்பொருள் காசைப் பார்ப்பதில்லை, தலைப்பில் உள்ள சொற்களைப் பார்க்கிறது. எட்வர்டு மன்னர் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் இரண்டு அளவு உண்டு. 1903, 1904-இல் அடித்தது 26.95 கிராம். 1906-இல் டாலரின் மதிப்பு பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளி விலை ஏறியபோது காசுக்குள் இருக்கும் வெள்ளியே முகமதிப்பைத் தாண்டும் நிலை வந்தது. அதனால் 1907-இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். "எட்வர்டு டாலர்" என்று தேடினால் இரண்டும் ஒரே குவியலில் விழும். கூடவே பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற காசுத் தரச்சான்று நிறுவனங்கள் பெட்டியில் அடைத்தது, அமிலம் போட்டுத் தேய்த்தது, சங்கிலியில் கோக்கத் துளையிட்டது, முழுப் போலி, எல்லாம் சேர்ந்து ஒரு சராசரி. அந்தச் சராசரியை நம்பி நான் வாங்கிய ஒரு 1908 டாலர் கைக்கு வந்தபோது முழுவதும் தேய்த்து மெருகேற்றப்பட்டிருந்தது. தரச்சான்று பெற்ற காசுகள் ஏற்றிவிட்ட விலையை நான் தேய்த்த காசுக்குக் கொடுத்திருந்தேன்.

ஒன்றுபோல் இருக்கும் பொருளுக்கு டெராபீக் மிக நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2017-இல் வெளியிட்ட 60 ரிங்கிட் நினைவுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உறை பிரிக்காத தாளுக்கும் அடுத்த தாளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, சிறப்பு எண்கள் தவிர. அங்கே சராசரிக்குப் பொருள் உண்டு.

வொர்த்பாயிண்ட் சந்தா கட்டிப் பார்க்கும் விலைக் களஞ்சியம். பல ஆண்டுகளுக்கு முந்தைய விற்பனைகூட படத்தோடு கிடைக்கும். பாட்டி வைத்துப்போன வெற்றிலைப் பெட்டி, பித்தளை விளக்கு, என்னவென்றே பெயர் தெரியாத பொருள் என்றால் உதவும். காசுக்கு மட்டும் என்றால் மாதாமாதம் கட்டுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

பைத்தான் நிரல்மொழி எழுதத் தெரிந்த நண்பர்கள் தானாகவே எல்லாவற்றையும் அள்ளிவிடலாமே என்பார்கள். நிரல் வைத்துப் பக்கங்களை அள்ளுவதை ஈபேயின் பயனர் ஒப்பந்தம் தடைசெய்கிறது. கணக்கு போய்விட்டால் வாங்கவும் முடியாது. கையில் உள்ள தரவை வரைபடமாக்கப் பைத்தான் சரி, தரவு திரட்ட வேண்டாம்.

நான் கடைசியில் வந்து நின்றது சாதாரண விரிதாளில். லிபர்ஆபீஸ் போதும், இலவசம். ஒரு விற்பனைக்கு ஒரு வரிசை: ஆண்டு, எடை சொல்லப்பட்டதா, தேய்த்ததா, சான்று உண்டா, முடிந்த விலை, அஞ்சல் செலவு, தனித்தனி ஏலதாரர் எண்ணிக்கை, முடிந்த நேரம், அன்றைய ரிங்கிட் மாற்று. வாங்கும் செலவுக்கு இன்னொரு கட்டம் வேண்டும்: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவைப் போடுகிறேன். விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண் அது. உதாரணத்துக்கு 60, 65, 70, 72, 210 என்று ஐந்து விற்பனை. சராசரி 95.40. அந்த விலைக்குப் பக்கத்தில்கூட ஒரு காசும் விற்கவில்லை. இடைநிலை 70. ஒரே ஓர் ஏலத்தில் இரண்டு பேர் வீம்புக்கு மோதினால் சராசரி தூக்கிக்கொண்டு போய்விடும், இடைநிலை அசையாது.

முடிந்த நேரத்தை ஏன் எழுத வேண்டும்? ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும், நீட்டிப்பு கிடையாது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஒக்கன்ஃபெல்சும் 2002-இல் ஈபேயையும் அமேசானின் அன்றைய ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீளும் அமேசானைவிட ஈபேயில்தான் கடைசி நேரப் பாய்ச்சல் அதிகம் என்று கண்டார்கள். இங்கிலாந்து விற்பனையாளர் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடித்தால் நமக்குத் திங்கள் விடியற்காலை மூன்று, குளிர்காலத்தில் நான்கு. அந்த நேரத்தில் மலேசியர் பலர் தூங்குகிறார்கள். பினாங்குக் காசை மிக ஆசையோடு தேடுகிறவர்களே இல்லாத ஏலத்தின் விலையை, பகலில் முடிந்த விலையோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

விரிதாளுக்கு இன்னொரு வலிமை, பேஸ்புக் குழு ஏலங்கள். நம் ஊர்க் காசுகள் நிறையக் கைமாறுவது அங்கேதான், அந்த விலைகளை டெராபீக் அறியவே அறியாது. பதிவு நீக்கப்படும் முன் நாமே எழுதிவைத்தால்தான் உண்டு. உழைப்பு அதிகம்தான், வாரம் ஒரு மணி நேரம் போகிறது.

ஆகவே ஒரே மாதிரி நினைவுத் தாள்களை வாங்கி விற்பவருக்கு டெராபீக் போதும். பழைய காசு சேர்ப்பவர் அரிய காசின் பழைய விற்பனைகளைத் தேடிப்பிடிக்க டெராபீக்கையும், படமும் ஏல வரலாறும் பார்க்க விற்றவை பக்கத்தையும் வைத்துக்கொண்டு, கணக்கைத் தன் தாளில் போடட்டும். இப்போது என் தாளில் 1907 டாலருக்கு 38 வரிசைகள் சேர்ந்திருக்கின்றன. மூன்று பேருக்குக் குறைவாகக் கேட்ட ஏலங்களை ஒதுக்கினாலும் 25 மிஞ்சும். அதை வைத்து உச்சத் தொகை எழுதிவிட்டேன். 1904-க்கு ஆறே வரிசைகள், அதில் இரண்டில் எடையே சொல்லவில்லை. அதற்கு இன்னும் தொகை எழுதவில்லை.