பழைய ரெக்கார்ட் பிளேயரை ரிப்பேருக்குக் கொடுக்குமுன்: இரண்டு கெப்பாசிட்டரில் நான் ஏமாந்த கதை

என்னிடம் இருக்கும் லென்கோ எல் 75 ரெக்கார்ட் பிளேயரை இரைச்சலுக்காக ரிப்பேருக்குக் கொடுத்தேன். அது திரும்பி வந்தபிறகு இரைச்சல் ஒழிந்துவிட்டது என்று நம்பி மூன்று மாதங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டும் இருந்தேன். அந்த மூன்று மாதமும் இரைச்சல் கருவிக்குள் அப்படியேதான் இருந்தது என்பதும், அது என் காதுக்கு எட்டாதபடி செய்வதற்காகப் பாட்டின் அடித்தொனியையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள் என்பதும் கருவியைக் கவிழ்த்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. இதே போன்ற பழைய கருவியை வைத்திருப்பவர்கள் ஒரு தடவை அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

இந்த வகைக் கருவியில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் வீலைச் சுழற்றுகிறது. அந்த வீல், இசைத்தட்டைத் தாங்கும் ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள தட்டின் அடிப்பரப்பில் உரசி அதைச் சுழற்றுகிறது. மோட்டாரின் அதிர்வு முள் வரைக்கும் வந்து சேர இதைவிட நேரான வழி வேறு இல்லை. ரப்பர் மென்மையாக இருக்கும்வரை அதிர்வை அதுவே விழுங்கிக்கொள்ளும். இறுகிவிட்டால், அல்லது ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்துவிட்டால், சத்தம் நேரே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். என் கருவியில் பள்ளம் விழுந்ததற்கு நானே காரணம். கருவியின் சுவிட்சைத் திருப்பினால்தான் வீல் தட்டை விட்டு விலகும். நானோ பல காலமாகச் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்துபோகும் சோம்பேறி. அதனால் வீல் இரவெல்லாம் தட்டின் அடியில் அழுந்தியபடியே கிடந்தது.

கொடுக்கும்போது எனக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன. பாட்டுக்கு அடியில் தொடர்ந்து ஓர் உறுமல். அதன்மேல் தட்டு ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் பல தடவை விழும் ஒரு மெல்லிய தட்டல். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன். கடைக்காரர் முள்ளை இறக்கிக்கூடக் கேட்கவில்லை. "ரப்பர் வீல் புதுசு போட்டு, மோட்டாருக்கு கிரீஸ் வைக்கணும் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார். சத்தத்தைக் கேட்காமலேயே மருந்து சொன்னவரிடம் நான் கருவியை விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. எந்தப் பாகத்திலிருந்து எந்தச் சத்தம் வருகிறது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருந்தால்கூட அங்கேயே கதை முடிந்திருக்கும்.

21 நாட்கள் கழித்துப் போனபோது, உள்ளங்கை அகலமுள்ள இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் இணைத்துப் போட்டுக் காட்டினார். சுத்தமாகக் கேட்டது. என் கருவியில் உள்ள நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 25 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். ஆகவே அதன் முதன்மையான உறுமல் 25 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தக் குட்டி ஸ்பீக்கர்களால் எழுப்பவே முடியாது. என் கருவியை விட்டுவிடுங்கள், எந்த ஓட்டை மோட்டாரை வைத்தாலும் அவற்றில் சுத்தமாகத்தான் கேட்டிருக்கும். பழகிய இசைத்தட்டு ஒன்றையும் நல்ல ஹெட்போனையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கழற்றிய பழைய வீலைக் கேட்டதற்கு, "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு சார்" என்றார். ரசீதில் "புதிய ரப்பர் வீல் – 1" என்று எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் பெரிய ஸ்பீக்கரிலும் உறுமல் கேட்காததால் மகிழ்ச்சியோடு இருந்தேன். சந்தேகம் வந்தது டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் தனியாக வாசிக்கப்படும் ஓர் இடத்தில். விரலால் தந்தியைச் சுண்டும் சத்தம் கேட்கிறது, அதன்பின் வர வேண்டிய கனமான நாதம் வரவில்லை. அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒரு வறண்ட ஒலி மட்டும் இருந்தது. முதலில் முள் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். முள் தேய்ந்தால் மேல்தொனிதான் கரகரக்கும். அடித்தொனி மட்டும் இப்படி அளந்து வெட்டியதுபோல் காணாமல் போகாது. அன்றிரவே தட்டைக் கழற்றிவிட்டுக் கருவியைக் கவிழ்த்தேன்.

முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மிலிருந்து வரும் முடியளவு மெல்லிய கம்பிகள் வெளிக்கேபிளோடு சேரும் இடத்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப் தடிப்பாகச் சுற்றப்பட்டிருந்தது. முன்பு அங்கே டேப் இருந்ததில்லை. பிரித்தபோது, இடது வலது சேனல்களுக்கு ஒன்றாக இரண்டு புத்தம்புதிய கெப்பாசிட்டர்கள், அதாவது இப்படி இணைத்தால் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சிறு மின்பாகங்கள், சிக்னல் பாதையில் தொடராகச் சால்டர் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 0.022 மைக்ரோஃபாரட். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் ரெக்கார்ட் பிளேயரை இணைக்கும் ஃபோனோ உள்ளீட்டின் மின்தடை 47 கிலோ ஓம். கெப்பாசிட்டரும் இந்த மின்தடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 154 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக மங்கிவிடும். 25 ஹெர்ட்ஸ் உறுமல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். கூடவே டபுள் பேஸின் தடித்த தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் நாதமும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தவருக்கு வீலை மாற்றத் தெரியாமல் இருந்திருக்காது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

1954 முதல் நிலைபெற்ற, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த ஒலிச் சமன்படுத்தும் முறையின்படி, இசைத்தட்டில் அடித்தொனி குறைத்துப் பதியப்பட்டு, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ மின்சுற்றில் உயர்த்தப்படுகிறது. 25 ஹெர்ட்ஸில் அந்த உயர்வு 1000 ஹெர்ட்ஸை ஒப்பிட ஏறக்குறைய 9 மடங்கு. முள்ளில் தொடங்கும் சின்ன அதிர்வும் பெரிய உறுமலாக வந்து நிற்பது இதனால்தான். எனவே அதை முள்ளுக்கு வந்து சேராமலே தடுக்க வேண்டும்.

அடுத்து வீலைக் கழற்றினேன். பார்வைக்குப் புதியதுபோலக் கறுகறுவென்று மின்னியது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்ததும் துணி மை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. சாயம் போன இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் தடம்கூட விழாத அளவுக்கு இறுகிய, பழுப்பேறிய அதே பழைய ரப்பர். நான் உண்டாக்கிய பள்ளமும் அதே இடத்தில், விரல் நுனியில் தட்டுப்பட்டது. மோட்டார் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அதிர்வு சட்டகத்துக்குப் போகாமல் இருப்பதற்காக மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்க வேண்டும். அந்த இடைவெளியில் கெட்டியான ஸ்பாஞ்சைத் திணித்து, ஸ்பிரிங்கை வேலையற்றதாக்கியிருந்தார். மோட்டார் தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்களுக்கு மெல்லிய எண்ணெய்தான் வேண்டும். கெட்டியான கிரீஸ் அவற்றின் நுண்துளைகளுக்குள் ஊறாது. அங்கே கிரீஸ் அப்பப்பட்டிருந்தது. அதை மட்டும் சொன்னபடி செய்திருக்கிறார்.

கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனைகளைச் செய்தேன். மோட்டார் ஓடும்போது முள்ளைத் தூக்கிப் பிடித்தேன், சத்தம் நின்றது. தூக்கிய பிறகும் சத்தம் நீடித்தால் அது மின்சார ரீங்காரம், எர்த் வயரையும் கேபிளையும்தான் பார்க்க வேண்டும். பிறகு ஐட்லர் வீலை எடுத்து வைத்துவிட்டுத் தட்டைப் பொருத்தி, நின்றுகொண்டிருக்கும் இசைத்தட்டின் மேல் முள்ளை வைத்து மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். உறுமல் முழுதாகக் கேட்டது. வீலே இல்லாதபோது கேட்கும் உறுமல் சட்டகம் வழியாகத்தான் வர முடியும்; ஸ்பாஞ்சைப் பிடுங்கியதும் அதில் பெரும்பகுதி அடங்கியது. மோட்டாரை அணைத்துவிட்டுத் தட்டைக் கையால் மெல்லச் சுழற்றிக் கேட்டபோது அமைதியாக இருந்ததால், நடு பேரிங்கில் பழுதில்லை என்று தெரிந்தது. தட்டலைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். தட்டல் 1.8 வினாடிக்கு ஒரு தடவை வந்தால் தட்டையோ இசைத்தட்டையோ சந்தேகிக்கலாம். ஒரு சுற்றுக்குள் பல தடவை வந்தால் ஐட்லர் வீல்தான். இந்த எல்லாச் சோதனைக்கும் ஒரு மணி நேரம் ஆகவில்லை.

கெப்பாசிட்டர்களையும் கறை படிந்த துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் அது கருவியோடு வந்த பாகம் என்றார். புதுச் சால்டரைக் காட்டியதும், "பழைய மெஷின் சார், பாஸைக் குறைச்சாதான் சுத்தமாக் கேக்கும், உங்க நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றார். நல்லதுக்குப் போட்டதை டேப் சுற்றி மறைப்பானேன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தை நான் நான்கு படங்கள் எடுத்து வைத்திருந்தால் பேச்சு இவ்வளவு நீண்டிருக்காது. அவரிடம் சொல்ல என்னிடம் இருந்தது என் ஞாபகம் மட்டுமே. கடைசியில் வாங்கிய தொகையில் பாதியைத் திருப்பித் தந்தார்.

வீலின் விளிம்பைத் தேய்த்தெடுத்துப் புது ரப்பர் வார்த்துத் தரும் வேறொருவரிடம் அனுப்பி வாங்கிக்கொண்டேன். மோட்டாரைப் பிரித்து, கிரீஸை முழுக்கக் கழுவி, புஷ்களுக்கு எண்ணெய் விட்டதை நானே செய்தேன். இப்போது தட்டல் இல்லை. ஹெட்போனில் பாட்டுகளுக்கு இடைப்பட்ட அமைதியில் காதைக் கூர்மையாக்கினால் மிக மெல்லிய உறுமல் கேட்கிறது. ஐட்லர் கருவியில் அந்த அளவு இருக்கத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். டபுள் பேஸ் பழைய கனத்தோடு திரும்பி வந்துவிட்டது. இன்று வரை அணைப்பது கருவியின் சுவிட்சில்தான்.